உருளைக்கிழங்கு கேசரோல்: பாதி வேலை பாலிலேயே முடிகிறது

கிழங்கு வில்லைகளைப் பாலும் சீஸும் சேர்த்து அடுக்கி ஓவனில் சுடுவதுதான் உருளைக்கிழங்கு கேசரோல். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது ஓவனைப் பற்றித்தான். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், மேல் தட்டா நடுத் தட்டா என்று. எனக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. கேசரோல் நன்றாக வருவதும் வராததும் அதற்கு முன்னாலேயே, கிழங்கு வில்லைகளை அடுப்பில் பாலோடு சேர்த்து வேகவிடும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. ஓவன் அதன் பிறகு மேலே நிறம் ஏற்றி, அடுக்குகளை ஒன்றாகப் பிடிக்கவைக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை முறையாகச் செய்தால் நடுவில் நறுக்கென்று கடிபடும் கிழங்கு, அடியில் தேங்கி நிற்கும் திரிந்த பால், தட்டில் வைத்ததும் சரிந்து விழும் துண்டு எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகின்றன.

இந்த முறை செய்தது எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடும் அளவு. உருளைக்கிழங்கு 1.5 கிலோ, பெரிய வெங்காயம் 3, கொழுப்பு எடுக்காத பால் 700 மில்லி, கிரீம் 200 மில்லி, வெண்ணெய் 50 கிராம், சீஸ் 200 கிராம், பூண்டு 4 பல், உப்பு தலைதட்டி 3 தேக்கரண்டி, மிளகுத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய், ஒரு கைப்பிடி ரொட்டித்தூள். பாத்திரம் 23 சென்டிமீட்டர் அகலம், 33 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஓவன் பாத்திரம். மூன்று தேக்கரண்டி உப்பு என்றதும் கை தயங்கும். ஆனால் உருளைக்கிழங்கு உப்பை நிறைய உள்வாங்கும், பாலும் கிரீமும் இனிப்புப் பக்கம் இழுக்கும். சீஸிலும் உப்பு இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இந்த அளவு. சீஸைக் குறைத்தால் உப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

முதலில் கிழங்கு. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு மாவுச்சத்து. மாவுச்சத்து அதிகம் உள்ள கிழங்கு வெந்ததும் பொலபொலவென்று உதிரும். குறைவாக உள்ளது, வெட்டிய வடிவம் கலையாமல் நிற்கும். கேசரோலுக்கு எது நல்லது என்று கேட்டால் என் பதில் இரண்டும்தான். உதிரும் வகை பாலைக் கெட்டியாக்கும், ஆனால் அது மட்டும் இருந்தால் அடுக்கு தெரியாமல் மசியலாகிவிடும். நிற்கும் வகை மட்டும் இருந்தால் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும். அதனால் உதிரும் வகை ஒரு கிலோவும் நிற்கும் வகை அரைக் கிலோவும் கலந்தேன். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு எளிய சோதனை உண்டு: 1 பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து, கிழங்கை அதில் போட வேண்டும். மாவு நிறைந்த கிழங்கு கனமானது, மூழ்கும். மற்றது மிதக்கும். ஒரே வகைதான் கையில் இருக்கிறது என்றால் உதிரும் வகையாக இருக்கட்டும். வில்லையை இம்மி தடிமனாக வெட்டிச் சமாளித்துக்கொள்ளலாம்.

தோல் பச்சை பூத்த கிழங்கை ஒதுக்கிவிட்டேன். வெளிச்சம் பட்டுப் பச்சையாகும் கிழங்கில் சோலனைன் என்ற கசப்பான நச்சும் கூடவே சேர்கிறது, வேகவைத்தாலும் அது போகாது. நெடுநாள் குளிர்பெட்டியில் கிடந்த கிழங்கும் வேண்டாம். குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். கேசரோல் இனிப்புத் தட்டும், ஓரங்கள் வேகும் முன்பே கருத்துவிடும்.

வெட்டும் வேலைக்குச் சிப்ஸ் சீவும் கட்டையைத்தான் எடுத்தேன். 3 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கிறது. அதைவிட மெல்லியதாகச் சீவினால் பாலில் கிளறும்போதே உடைகிறது, தடித்தால் வேக நேரம் பிடிக்கிறது. கத்தியால் வெட்டினாலும் குற்றமில்லை, ஆனால் எல்லா வில்லையும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஒரு வில்லை தாள் போலவும் அடுத்தது விரல் கனத்திலும் இருந்தால் ஒன்று கரையும்போது மற்றது பச்சையாகவே நிற்கும். கட்டையில் சீவும்போது கடைசித் துண்டை விரலால் பிடித்துச் சீவாதீர்கள். கைக்காப்பு இல்லாத கட்டையானால் அந்தத் துண்டைத் தனியே எடுத்துக் கத்தியால் வெட்டிக்கொள்வதே நல்லது.

சீவிய கிழங்கைத் தண்ணீரில் அலசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வறுக்கிற கிழங்கை அலசுவதற்குக் காரணம் இருக்கிறது: மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால்தான் மொறுமொறுப்பு வரும். இங்கே நமக்கு வேண்டியதே அந்த மாவு. இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க, ஒரு பிடி வில்லைகளை மட்டும் இரண்டு தண்ணீர் அலசி, சிறு பாத்திரத்தில் தனியாக அதே பாலில் வேகவிட்டேன். பெரிய பாத்திரத்துப் பால் கரண்டியின் பின்புறத்தில் படிந்து நின்றது; விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே இருந்தது. அலசிய வில்லைகளின் பால் கடைசிவரை நீர்த்தே இருந்தது. அதைக் கெட்டியாக்க வேண்டுமென்றால் மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்ற வேண்டியிருக்கும். கிழங்கிலேயே இருக்கும் மாவைக் கழுவி ஊற்றிவிட்டு வேறு மாவைத் தேடிப் போவானேன்?

கிழங்கைச் சீவி வைத்தால் கருக்குமே என்பார்கள். கருக்கும்தான். வெட்டிய இடத்தில் காற்று பட்டதும் கிழங்கின் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்குத் தண்ணீரில் போடுவதைத் தவிர இன்னொரு வழி உண்டு. பாலை முதலில் சூடாக்கி வைத்துக்கொண்டு, சீவச் சீவ நேராக அதற்குள்ளேயே போட்டுவிடலாம். சூட்டில் நொதி செயலிழந்துவிடும், மாவும் வீணாகாது.

அதற்கு முன் வெங்காயம். நீளவாக்கில் மெல்லிதாக அரிந்து, 30 கிராம் வெண்ணெயில், ஒரு சிட்டிகை உப்போடு, சிறு தீயில் வைத்தேன். அரை மணி நேரம் ஆகிறது, அவசரப்படுத்த முடியாது. வெங்காயத்திலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பச்சையாக அடுக்கினால் அந்தத் தண்ணீர் முழுக்க ஓவனுக்குள் இறங்கி, நாம் கெட்டியாக்கிய பாலை மறுபடி நீர்க்கச் செய்யும். அடுப்பிலேயே தண்ணீர் வற்றி, வெங்காயம் சுருண்டு, தேன் நிறத்துக்கு வந்ததும் இறக்கினேன். ஒரு வாணலி நிறைய இருந்தது கடைசியில் ஒரு கிண்ணம்தான். அந்தக் கிண்ணம்தான் இந்தக் கேசரோலின் ருசி. சீஸைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், வெங்காயத்தில் கைவைக்க மாட்டேன்.

இப்போது பால். அடி கனமான அகலப் பாத்திரத்தில் பாலையும் கிரீமையும் ஊற்றி, பூண்டை நசுக்கிப் போட்டு, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, ஜாதிக்காயை நாலு இழுப்பு துருவினேன். ஜாதிக்காய் கூடினால் மருந்து வாசம் வந்துவிடும்; இருப்பது தெரியக்கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும், அந்த அளவு போதும். பால் சுற்றி நுரை கட்டி ஓரத்தில் குமிழ் விடும்போது தீயைக் குறைத்து, கிழங்கைச் சீவிப் போடத் தொடங்கினேன்.

கொழுப்பு நீக்கிய பாலில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் திரிவது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதால்தான். கொழுப்பும் மாவுச்சத்தும் நடுவே புகுந்து அப்படி ஒட்டவிடாமல் தடுக்கின்றன. ஓவனில் நெடுநேரம் சூட்டில் இருக்கப்போகும் பாலுக்கு இந்த இரண்டும் தேவை. கிரீம் இல்லையென்றால் முழுப்பாலே 900 மில்லி எடுத்து, வெண்ணெய் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். சுவை மெலிந்திருக்கும், திரியாது.

அடுத்த பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரவில்லை. தட்டையான மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினாற்போல மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு அடியில் படிந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், பிடித்த வாசம் பாத்திரம் முழுக்கப் பரவிவிடும். தீ சிறிதாகவே இருக்கட்டும், தளதளவெனக் கொதித்தால் வில்லைகள் உடையும். முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. பிறகு கரண்டி நகர்வதில் ஒரு பாரம் தெரியும். 60 டிகிரிக்கு மேல் போனதும் மாவுச்சத்தின் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கத் தொடங்கும். அந்தப் பாரம் அதிலிருந்து வருவதுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பால் குழைந்து பளபளப்பாகும். ஒரு வில்லையை எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒடியாமல் வளைந்தது, கடித்தால் நடுவில் மட்டும் சிறு எதிர்ப்பு. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஏன் இந்த வேலையை ஓவனிலேயே விட்டுவிடக் கூடாது? ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் நடுவில் கிழங்கு வேகாமல் நிற்கிறது என்ற புகாரைப் பலரும் சொல்வார்கள். அதற்குக் காரணம் வெறும் நேரக் குறைவு அல்ல. பச்சைக் கிழங்கையும் ஆறிய பாலையும் ஆழமான பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வைத்தால் நடுப்பகுதி மிக மெதுவாகச் சூடாகும். 55 முதல் 65 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருக்கும் கிழங்கில் ஒரு நொதி விழித்துக்கொண்டு, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை மாற்றி இறுக்கிவிடுகிறது. அப்படி இறுகிய கிழங்கு அதற்குப் பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் இளகத் தயங்கும். அடுப்பில் சூடான பாலில் போடும்போது அந்த இடைப்பட்ட சூட்டை மெல்லிய வில்லை வேகமாகத் தாண்டிவிடுகிறது. நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை.

சரி, அடுக்குவோம். ஓவன் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, பாதி வில்லைகளைப் பாலோடு வழித்துப் பரப்பினேன். ஒவ்வொன்றாக ஓடு வேய்வதைப் போல அடுக்கத் தேவையில்லை. கரண்டியால் சமன் செய்தால் தானே படுத்துக்கொள்கின்றன. அதன் மேல் வெங்காயம் முழுவதும், துருவிய சீஸில் பாதி. பிறகு மிச்சக் கிழங்கு. மேலடுக்கை மட்டும் கொஞ்சம் அழகாக வரிசைப்படுத்தினேன், மேலே தெரியப்போவது அதுதானே. பாத்திரத்தில் மீந்த பாலையும் வழித்து ஊற்றிவிட்டு, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினேன். பால் மேலடுக்கு வில்லைகளின் ஓரம்வரை வந்து நிற்க வேண்டும். விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடாவிட்டால் கொதிக்கும்போது பொங்கி ஓவனுக்குள் வழியும். இடைவெளி இருந்தாலும் அடியில் ஒரு தட்டு வைப்பது நல்லது.

சீஸை நான் கட்டியாக வாங்கித் துருவிக்கொள்கிறேன். துருவியே விற்கும் சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்க ஒரு மாவுப் பூச்சு இருக்கும், அதனால் அது குழைந்து உருகுவதில்லை. இளம் சீஸ் நூல் நூலாக இழுபடும், ஆனால் ருசியில் மந்தம். நாள்பட முதிர்ந்த சீஸில் ருசி அதிகம், ஆனால் சூட்டில் எண்ணெய் பிரியும். பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் நல்லதும் கிடைக்கிறது. இங்கே மொசரெல்லாவும் முதிர்ந்த செடாரும் கலந்திருக்கிறேன். பதப்படுத்திய சீஸ் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் செய்யலாம், அது சீராக உருகும். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேல் சீஸை இந்தக் கட்டத்தில் போடவில்லை. அலுமினியத் தாளால் இறுக மூடி, 180 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் நடுத் தட்டில் 25 நிமிடம். விசிறி ஓடும் ஓவனானால் 160 போதும். தாளை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே அடைபட்ட ஆவி ஒரேயடியாக வெளியே வரும். கத்தி முனையை நடுவில் செருகிப் பார்த்தேன், தடையில்லாமல் இறங்கியது. இறங்காவிட்டால் மறுபடி மூடி, இன்னும் பத்து நிமிடம். கிழங்கு வெந்தபிறகுதான் சீஸ். மிச்ச சீஸைத் தூவி, மீதி 20 கிராம் வெண்ணெயை உருக்கிப் பிசிறிய ரொட்டித்தூளை அதன் மேல் தூவி, மூடாமல் இன்னொரு 20 நிமிடம் வைத்தேன். முதலிலேயே சீஸைப் போட்டால் தாளில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாவிட்டாலும் நெடுநேரச் சூட்டில் தோல் மாதிரி விறைக்கும்.

நிறத்தில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுக்கத் தோன்றும். பொன்னிறம் தாண்டி, அங்கங்கே செம்பழுப்புப் புள்ளி விழும்வரை காத்திருந்தேன். ஓரங்களில் பால் வற்றி, பாத்திரத்தோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கரை கட்டும், அதுவரைக்கும். நடுவில் தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மேல்பக்கமும் ஓரமும் காய்ந்தபிறகுதான் அதற்கு மேலே ஏறிச் சிவக்க முடியும். அதனால்தான் மூடிய நிலையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நிறம் வருவதில்லை. மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவனான ஓடிஜியில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும். அதில் செய்பவர்கள் கடைசிப் பத்து நிமிடம் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருங்கள்.

வெளியே எடுத்ததும் கொதித்துக்கொண்டே இருந்தது. வீடு முழுக்க வாசனை, ஆட்கள் சமையலறையை எட்டிப் பார்க்கிறார்கள். ஆனாலும் இருபது நிமிடம் யாரையும் தொடவிடவில்லை. கொதிக்கும் நிலையில் வெட்டினால் பால் குழம்பாக ஓடும், வில்லைகள் வழுக்கிச் சரியும். சூடு இறங்க இறங்க மாவுச்சத்து இறுகி, பால் வில்லைகளுக்கு நடுவே பசையாக நிற்கிறது. இருபது நிமிடம் கழித்தும் உள்ளே நல்ல சூடுதான். ஓரத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டிவிட்டு, நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று என்று பன்னிரண்டு துண்டு போட்டேன். முதல் துண்டு எப்போதும் கொஞ்சம் கலைந்துதான் வரும். ஒரு மூலையிலிருந்து, அகலமான தட்டைக்கரண்டியை அடிவரை செருகி எடுத்தால் அதற்கடுத்தவை அடுக்கு அடுக்காக முழுசாக வந்துவிடும். பன்னிரண்டில் மூலைத் துண்டு நான்குதான் இருக்கும், அதற்குத்தான் போட்டி. மூலையை விரும்புகிறவர்கள் வீட்டில் நிறையப் பேர் என்றால் ஒரே பெரிய பாத்திரத்துக்குப் பதில் இரண்டு சிறியவற்றில் அடுக்கலாம். மூலை எட்டாகும், நேரமும் ஐந்து நிமிடம் குறையும்.

இதை இன்னும் கனமான சாப்பாடாக்க, வெங்காய அடுக்கோடு வேறு என்ன வைக்கலாம் என்றால், எதுவானாலும் முதலில் தண்ணீரை விரட்டிவிட்டு வையுங்கள். காளானை உலர வதக்கி, கீரையை வேகவைத்து ஒட்டப் பிழிந்து, பட்டாணியை வேகவைத்து வடித்து வைக்கலாம். கோழியோ கொத்துக்கறியோ என்றால் முழுக்கச் சமைத்தே உள்ளே போக வேண்டும், ஓவனில் வேகும் என்று விடக் கூடாது. தக்காளியை மட்டும் இந்த அடுக்குக்குள் கொண்டுவர மாட்டேன். அதன் புளிப்பு பாலைத் திரிக்கும், கிழங்கின் பெக்டின் இளகுவதையும் தடுக்கும். தக்காளி வேண்டுமென்றால் பக்கத்தில் பச்சடியாக வைத்துச் சாப்பிடுங்கள். இவ்வளவு பாலும் சீஸும் உள்ள சாப்பாட்டுக்குப் புளிப்பாக ஏதாவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

விருந்தாளிகள் வரும் அன்று நேரம் கிடைக்காது என்றால் முதல் நாளே அடுக்கி, ஆறவைத்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். கிழங்கு ஏற்கெனவே வெந்திருப்பதால் கருக்காது. பாலில் வேகவிடும் முறைக்கு இதுவும் ஒரு லாபம். கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கக்கூடும். அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு வையுங்கள், மூடி வைக்கும் நேரத்தில் ஒரு பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிட்டேன். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். உறைபெட்டியில் வைப்பது வீண். உறைந்து உருகினால் பால் தண்ணீராகப் பிரிந்து, கிழங்கு மணல் மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாள் சூடாக்க, மேலே ஒரு கரண்டி பால் தெளித்து, மூடி, ஓவனில் உள்ளே கொதிக்கும் சூடு வரும்வரை வைக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. குளிர்ந்த துண்டு கல் போல உறுதியாக இருக்கும். அதை விரல் கனத்தில் வெட்டி, வாணலியில் துளி வெண்ணெய் விட்டு, திருப்பாமல் நிதானமாகச் சிவக்கவிட வேண்டும். அடியில் சீஸும் கிழங்கும் சேர்ந்து மொறுமொறுவென்று ஒரு தோல் கட்டும். தானாகவே வாணலியை விட்டு நழுவும்போது ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.